வேளாருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாதா?

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் மண்குதிரையும் திருஷ்டி முகமும் செய்கிற ஒரு வேளாரைப் பற்றியது. இந்த வகைக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டுமோ எல்லாம் இருந்தது. வெடித்த பாதம், புகையும் சூளை, "எனக்கு அப்பறம் யாரு செய்வா" என்று அவர் சொன்ன ஒரு வரி, கடைசியில் அணைந்துபோகும் நெருப்பு. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கண் கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதில் எழுதிய எதுவும் பொய் கிடையாது. ஆனால் மொத்தக் கட்டுரையும் பொய். அவர் வீட்டுத் திண்ணையில், காயப்போட்ட முகங்களுக்கு நடுவில், தெர்மாகோலில் செய்த நாலடி அகல விமானம் ஒன்று உட்கார்ந்திருந்தது. படம் எடுக்கும்போது அதைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னது நான்தான். எழுதும்போதும் விட்டுவிட்டேன். 'ஃபோகஸ் போயிடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த விமானம் அங்கே வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ரிமோட் விமானம் விடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஊருக்கு வந்தால் தண்ணீர் வற்றிய கண்மாயில் விடுவேன். ஒருமுறை புதிதாக வாங்கிய ஃபோம் விமானம் ஒன்று, எப்படி எறிந்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், ஒரு கணம் அப்படியே நின்று, செத்த காக்காய் மாதிரி விழுந்தது. அந்தப் பக்கம் களிமண் வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். விமானத்தை வாங்கி, இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கினார். வால் தொங்கியது.

"பின்னாடி கனக்குது தம்பி. மூக்குல கொஞ்சம் மண்ணு வைங்க."

அவரே நெல்லிக்காய் அளவு களியை உருட்டி மூக்குக்குள் அப்பினார். பறந்தது.

ஒரு விமானத்தின் ஈர்ப்பு மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் மூக்கு தூக்கும், வேகம் செத்துவிடும், இறக்கை காற்றைப் பிடிக்காது. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த எனக்கு இது தெரியாமல் இல்லை. கையால் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருக்குக் குதிரை சொல்லிக்கொடுத்திருக்கிறது. மண்குதிரைக்கு முதலில் நாலு காலையும் குழாய் குழாயாக எழுப்ப வேண்டும். அது இறுகிய பிறகு வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. அடியில் உள்ளது காய்வதற்குள் அவசரப்பட்டு மேலே ஏற்றினால் முன்கால் உட்கார்ந்துவிடும். உள்ளே முழுக்கப் பொள்ளல். மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பது, சுடும்போது விரிசல் விடாமல் இருக்க. ஆவி வெளியேற வழி விடாவிட்டால் சூளைக்குள்ளேயே வெடிக்கும். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பொருளை மெல்லிய மண்சுவரில் நிற்கவைக்கிற மனுஷனுக்கு எடை எங்கே உட்காரும் என்று யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அவரே ஒன்று செய்து வைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் தெர்மாகோல், மூங்கில் சிம்பு, பிரவுன் டேப். மோட்டாரும் பேட்டரியும் சிங்கப்பூரில் வேலை செய்கிற மகன் வாங்கி வந்தது. மூக்கில் திருஷ்டி முகத்தின் அச்சிலேயே ஒத்தி எடுத்த காகிதக்கூழ் முகம், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மீசையோடு. விமானத்தை அவர் 'வண்டி' என்றுதான் சொல்வார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் இலக்கியச் சூழலில் கைவினைஞருக்குப் பொழுதுபோக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. சட்டம் போட்டு யாரும் மறுக்கவில்லை. நம் ரசனை மறுக்கிறது. நமக்கு அவர் அழிந்துகொண்டே இருக்க வேண்டும். அழிகிறவர் கையில் ரிமோட் இருந்தால் நமக்குப் பிடிப்பதில்லை.

இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். என் ஆபீஸில் சனி, ஞாயிறுகளில் பாட்டரி வகுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கட்டி, ஏப்ரன் மாட்டி, சக்கரத்தில் கோணலாக ஒரு கப் செய்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். அதற்கு 'மனசு லேசாகுது' என்று பெயர். நல்லது, ஆகட்டும். கோடு எழுதுகிறவன் மண்ணைத் தொட்டால் அது முழுமையான வாழ்க்கை. மண்ணைத் தொடுகிறவர் மோட்டாரைத் தொட்டால் கவனச்சிதறல், கலப்படம், "அவரும் மாறிட்டாருங்க." எனக்கு வேலைக்கு வெளியே ஒரு ஆள் உண்டு. என் ரெஸ்யூமேயில் அந்த ஆளுக்குத் தனி வரியே உண்டு. அவருக்கு மட்டும் வேலைதான் ஆள், ஜாதிதான் பெயர். என் அப்பத்தா கடைசிவரை அவரை "வேளாரே" என்றுதான் கூப்பிட்டது. அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும்.

இதை வெறும் ரசனைக் கோளாறு என்று என்னால் விட முடியவில்லை. இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்து, அடுத்த வருடமே காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. 2023ல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தை 18 தொழில்களுக்கு அறிவித்தபோது, விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. 18 வயதுப் பையனைக் கல்லூரிக்குப் போகவிடாமல் கடன் கொடுத்துச் சக்கரத்தில் உட்காரவைக்காதே என்பதுதான் அதன் பொருள். அது நடக்காததால் கலைஞர் கைவினைத் திட்டம் தனியாக வந்தது. அரசியலில் இந்த நியாயம் நமக்குப் புரிகிறது. அதே நாம், கட்டுரை எழுத உட்கார்ந்தால் மட்டும் ராஜாஜியாகிவிடுகிறோம். "அடுத்த தலைமுறை வரவில்லையே" என்று நாம் விடும் பெருமூச்சுக்கு வேறென்ன அர்த்தம்? வராத அந்தத் தலைமுறைதான் சிங்கப்பூரில் சம்பாதித்து அப்பாவுக்கு மோட்டார் வாங்கி வந்தது.

சரி, விமானம் தேவையா, அதுவும் வருமானம் இல்லாத வீட்டில், என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். கஷ்டப்படுகிறவர் மிச்சப்பட்ட காசையும் நேரத்தையும் உருப்படியாகச் செலவழிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. உருப்படி எது என்பதை நாம் சொல்வோம். நான் என் முதல் வருடத்தில் மட்டும் நாலு விமானம் உடைத்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் தேவையா என்று கேட்டதில்லை.

கேள்வி கேட்க ஆள் வந்தது அவரிடம்தான். ஒருநாள் கண்மாய்க்கரையில் பைக்கை நிறுத்திய ஒரு காவலர், நான் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றும் என்னை விட்டுவிட்டு அவரிடம் "இதுக்கு பெர்மிஷன் இருக்காய்யா?" என்றார். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், 25 கிலோவுக்குள் இருந்து, பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பறப்பதை 'மாதிரி விமானம்' என்று தனியாகப் பிரித்து, வகைச் சான்றிதழ் வேண்டாம் என்கின்றன. நான் இதையெல்லாம் ஒப்பித்தேன். என் ஆங்கிலத்துக்குத்தான் அவர் கிளம்பிப் போனார். விதிக்காக இல்லை.

சென்னையின் விமானக் கதை ஒன்று இருக்கிறது. 1910ல், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் என்பவர் சொந்தமாக விமானம் செய்து பறந்துகாட்டினார். அதற்கு முந்தைய வருடம்தான் ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியிருந்தார். சென்னையில் விமானம் செய்து கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி, அதாவது குதிரை வண்டி கட்டுகிற பட்டறை. கேக் விற்ற வெள்ளைக்காரர் பறந்தால் அது நகர வரலாறு, மெட்ராஸ் பற்றிய புத்தகங்களில் சுவையான ஒரு பக்கம். "ஹோட்டலை ஒழுங்கா பாக்காம இதெல்லாம் எதுக்கு" என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. அந்த இறக்கையின் சட்டத்தை இழைத்த தச்சர்களைப் பற்றியும் எழுதவில்லை. ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தானே. கடையில் வேலை இல்லாத நேரத்தில் செய்ததுதான் அவர்களுக்கும் இறக்கை.

அஸ்ஸாமில் மாஜுலி தீவில் முகமூடி செய்கிற ஹேமசந்திர கோஸ்வாமிக்கு 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே மூங்கில் பின்னலின் மேல் துணியும் களிமண்ணும் சாணமும் பூசிச் செய்கிறார்கள். அவர் அதற்குத் தாடை அசைய வைத்தார், வசனம் பேசும்போது முகமூடியின் வாயும் பேசும்படி. அது ஒரு இயந்திர வேலை. கீல் எங்கே வரும், எவ்வளவு கனம் தாங்கும் என்று உட்கார்ந்து நோண்டிய ஆளின் வேலை. செய்திகளில் அந்த மனுஷர் எப்போதும் 'பாரம்பரியத்தைக் காப்பவர்'. காப்பவருக்கும் நோண்டுபவருக்கும் நம் மொழியில் ஒரே நாற்காலி போட மாட்டோம்.

பாரம்பரியம் என்றால் எங்கள் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலை. மாசி மகத்தன்று லாரி லாரியாக மாலை வரும், குதிரையே தெரியாது. அத்தனையும் காகிதப்பூ மாலை. காகிதம் ஒருகாலத்தில் புதுசுதானே? அய்யனார் வேண்டாமென்று சொல்லவில்லை. புரவியெடுப்பிலும் அப்படித்தான். ஊர் பிடிமண் கொடுக்க, அதில் புதுக்குதிரை செய்து, கண் திறந்து, தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்குவார்கள். பழைய குதிரை பக்கத்திலேயே மழையில் கரைந்து உடைந்து கிடக்கும். யாரும் அதை ஒட்டவைக்க மாட்டார்கள். உடைவதைப் பார்த்துப் பதறுவது கேமராவோடு வருகிற நாம் மட்டும்தான்.

அவருடைய உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. அதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும். திறந்தவெளிச் சூளைக்குக் காற்று அசையக் கூடாது. ஒரு பக்கம் நெருப்பு சாய்ந்தால் அந்தப் பக்கம் வெந்து கருகும், இந்தப் பக்கம் பச்சையாக நிற்கும். அரைக்கிலோ தெர்மாகோல் விமானத்துக்கும் காற்று அசையக் கூடாது. ஆடி, ஆவணியில் எங்கள் ஊரில் அப்படிப்பட்ட விடியற்காலை எத்தனை கிடைக்கும்? கிடைக்கிற ஒன்றில் சூளையா வண்டியா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"குதிர சாமிக்கு, முகம் சோத்துக்கு" என்பார். வண்டி எதுக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் பதில் ஏதாவது சொல்லியிருப்பார். நானும் அதை எடுத்துப்போட்டு, தத்துவமாக்கி, கடைசிப் பத்தியில் வைத்திருப்பேன்.

ஒருமுறை அவர் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய முகங்கள் இரண்டு நாள் தள்ளிப்போயின. அந்த ஆள் தெருவில் நின்று கத்தினார். நானும் அன்றைக்கு மனசுக்குள், 'இப்படி இருந்தா எப்படி உருப்படும்' என்று நினைத்தேன். அதே வாரம் நான் ஒரு ரிலீஸைத் தள்ளிப்போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன், விமானம் விட. என் மேனேஜர் "என்ஜாய்" என்று ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பியிருந்தார்.

பழைய கட்டுரையைத் திருத்தலாமா என்று யோசித்தேன். அவரிடம் சொன்னேன், விமானத்தை விட்டுட்டேன், மன்னிச்சிடுங்க அய்யா என்று. அவர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கவில்லை. மகன் படித்திருக்கிறான். "அப்பா எப்பப் பாத்தாலும் அழுதுக்கிட்டே இருக்குற மாதிரி எழுதியிருக்காரே" என்று போனில் கேட்டானாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு. "தம்பி, நாளைக்கு வெள்ளன காத்து எப்புடி இருக்கும்னு ஒங்க போன்ல பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன், ஏழு மணி வரைக்கும் அசைவே இல்லை என்று போட்டிருந்தது. சொல்லிவிட்டு, சூளைக்கா வண்டிக்கா என்று கேட்டேன்.

"அது எதுக்கு ஒங்களுக்கு" என்றார்.