சுவிஸ் வீதியும் எங்கள் வீட்டு அடுப்பும்

வெளிநாட்டிலிருந்து பணம் வருகிற வீட்டில் ஒரு மாதம் பணம் வராமல் விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைக் கொப்பி நீளும். பிள்ளையின் ரியூசன் காசு நிற்கும். அயலவர் வாயில் ஒரு கதை பிறக்கும். "அங்கை ஒருத்தியைப் பிடிச்சிட்டான் போலை" என்பார்கள். "குடியாக்கும்" என்பார்கள். வேகக் கமரா ஒன்று படம் பிடித்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்கும் 2022 ஆம் ஆண்டு கோடையில் சுவிஸிலுள்ள தங்கச்சி வீட்டில் மூன்று மாதம் போய் நிற்கும்வரை அப்படியொரு காரணம் இருப்பது தெரியாது.

சுவிற்சர்லாந்தில் எங்கள் ஆட்கள் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். 1983 இற்குப் பிறகு போகத் தொடங்கியவர்கள். முதலில் போனவர்கள் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள். பிறகு துப்புரவு வேலை, முதியோர் இல்ல வேலை என்று பரவினார்கள். இந்த வேலைகள் பல விடியப்புறம் தொடங்குகின்றன, அல்லது நடுச்சாமத்தில் முடிகின்றன. அந்நேரம் எல்லா ஊருக்கும் ரயில் இராது. ஆகவே அங்கே கார் ஆடம்பரத்துக்கென்று இல்லை, வேலைக்கான கருவி. எங்கள் ஊரில் மீன்காரருக்குச் சைக்கிள் போல.

அந்தக் கருவியைக் கையில் எடுப்பது இலேசில்லை. இங்கே எடுத்த சாரதி அனுமதிப்பத்திரத்தோடு போனவர் அங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் அதைக் காட்டி ஓடலாம். அதற்குள் சுவிஸ் பத்திரமாக மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இலங்கைப் பத்திரக்காரர் ஒரு பரிசோதகரைப் பக்கத்தில் இருத்தி ஓடிக்காட்ட வேண்டும். அதில் தவறினால் திரும்பவும் ஓடிக்காட்ட இடமில்லை. அந்தச் சோதனை ஒரே ஒரு தரம்தான். அதன் பிறகு "எனக்கு ஓடத் தெரியும்" என்ற பேச்சுக்கே இடமில்லை, பழகுநராக அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஊரில் இருபது வருடம் லொறி ஓடியவராக இருந்தாலும் அதுதான் சட்டம்.

என் தங்கச்சி ஒரு பத்திரமும் இல்லாமல் போனவள். நாற்பத்து நான்கு வயதில்தான் பழகத் தொடங்கினாள். முதலில் பத்து மணித்தியால முதலுதவி வகுப்பு. பிறகு எழுத்துச் சோதனை, ஐம்பது கேள்விகள், தமிழில் இல்லை. அதற்குப் பிறகு எட்டு மணித்தியாலம் வீதி பற்றிய வகுப்பு. பிறகுதான் ஓடிக்காட்டுகிற சோதனை. முதலுதவி வகுப்பில் இரத்தம் பாய்கிற காயத்துக்குக் கட்டுப் போடச் சொன்னார்களாம். அங்கே பிறந்து வளர்ந்த இளம் பிள்ளைகள் தடுமாறிக்கொண்டு நிற்க, இவள் மளமளவென்று இறுக்கிக் கட்டிவிட்டாள். "எங்கை பழகினீங்கள்?" என்று ஆசிரியை கேட்டாவாம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்த கதையை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? "வீட்டிலை" என்று மட்டும் சொன்னாளாம்.

இருபத்து மூன்று வயதுக்கு மேற்பட்ட, மூன்று வருடமாகவேனும் பத்திரம் வைத்திருக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. மச்சான் பழக்கப் புறப்பட்டார். இரண்டாம் நாளோடு அது நின்றுவிட்டது. கணவனிடம் கார் பழகினால் அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்காது என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. காசு கொடுத்து ஒரு பயிற்றுநரிடம் பழகினாள்.

நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், அவர்கள் வலப்பக்கம். அது இரண்டு கிழமையில் பழகிவிடும் என்றாள் தங்கச்சி. பழகாதது வேறொன்று. பலகையோ கோடோ இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதலிடம். நீங்கள் பெரிய வீதியில் ஓடிக்கொண்டிருப்பதாக நினைப்பீர்கள், ஒரு சின்ன ஒழுங்கையிலிருந்து ஒரு கிழவி காரில் மெல்ல வருவார், நீங்கள்தான் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் பெரிய வாகனத்துக்குச் சின்ன வாகனம் வழி விடும், சின்ன வாகனத்துக்குச் சைக்கிள் வழி விடும், நடந்து போகிற பெண் எல்லாவற்றுக்கும் வழி விடுவாள். அங்கே அந்த வரிசை இல்லை.

பாதசாரிக் கடவையில் அதை என் கண்ணாலேயே கண்டேன். நான் கடக்க நினைத்துக் கரையில் நின்றேன். ஒரு பெரிய கார் வந்து நின்றது. நான் அதைப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், அது என்னைப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. 1994 ஆம் ஆண்டிலிருந்து அங்கே கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை. நிற்காமல் போனால் 140 பிராங் தண்டம். ஆனால் ட்ராம் வண்டிக்கு அது பொருந்தாது, வெளிச்சம் இல்லாத கடவையில் ட்ராம் வந்தால் நாங்கள்தான் நிற்க வேண்டும். போய்வர இருக்கிற சகோதரிகள் இதை மனதில் வைத்திருங்கள்.

தண்டத்துக்கு ஜெர்மனில் 'பூசெ' என்பார்கள். எங்கள் வீட்டில் அது 'பூசை' ஆகிவிட்டது. "இந்த மாதம் பூசை ஒண்டும் வரேல்லையே?" என்று தபாற்பெட்டியைத் திறக்கும்போது மச்சான் கேட்பார். ஊர்மனைக்குள் 50 என்று போட்ட இடத்தில் ஐந்து கிலோமீற்றர் வரை கூட ஓடினால் 40 பிராங். பத்து வரை என்றால் 120. பதினைந்து வரை என்றால் 250. கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 100. ஆசனப்பட்டி போடாவிட்டால் 60. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த, 150 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வராத பிள்ளைக்கு அதற்குரிய ஆசனம் வேண்டும். ஆகவே ஊரில்போல், கோயில் திருவிழாவுக்கு மடியில் ஒன்று காலடியில் ஒன்று என்று ஏற்றிக்கொண்டு போக முடியாது. கமரா பிடித்தால் பொலிஸ் மறிப்பதில்லை, சத்தமில்லாமல் வீட்டுக்குக் கடிதம் வரும். முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும்.

பதினைந்துக்கு மேல் போனால் கதை வேறு. அதற்கு விலைப்பட்டியல் இல்லை, வழக்கு. பாரதூரமான குற்றமென்றால் தண்டத்தை ஆளின் வருமானத்தைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். 2010 இல் சென் கலன் மாநிலத்தில் ஒரு பணக்காரருக்கு வேகமாக ஓடியதற்குக் கிட்டத்தட்ட 3 இலட்சம் பிராங் போட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. பணக்காரனுக்கும் நோக வேண்டுமல்லவா.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 இல் அந்தச் சின்ன நாட்டில் வீதி விபத்துகளில் 1773 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படிப்படியாக இறுக்கினார்கள். ஊர்மனைக்குள் வேகம் 60 இலிருந்து 50 ஆனது. ஆசனப்பட்டி கட்டாயமானது. 2005 இல் மதுவின் அளவை 0.8 இலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். 2013 தொடக்கம் மிகக் கடுமையான வேகத்துக்குச் சிறை என்றார்கள். 50 என்ற இடத்தில் 100 ஓடினால் ஒன்றிலிருந்து நான்கு வருடம், பத்திரமும் குறைந்தது இரண்டு வருடத்துக்குப் போய்விடும், காரையும் பறிக்கலாம் என்றது சட்டம். அது கொஞ்சம் அதிகம் என்று அங்கேயே வாதம் நடந்து, 2023 ஒக்டோபரிலிருந்து நீதிபதிகள் ஆளையும் சூழ்நிலையையும் பார்த்துத் தண்டிக்க இடம் விட்டிருக்கிறார்கள். 2022 இல் இறந்தவர்கள் 241 பேர். எங்கள் நாட்டில் வருடத்துக்கு 2000 இற்கும் மேல். யுத்தத்தில் தப்பிய பிள்ளையை ஏ9 வீதியில் பறிகொடுத்த தாய்மார் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். அதனால்தான் "அந்த நாட்டுச் சட்டம் பொல்லாத சட்டம்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஆமென்று சொல்ல வருவதில்லை.

ஆனால் அந்தச் சட்டம் எங்கள் ஆட்களுக்குக் கூடுதலாக நோகிறது என்பதும் உண்மை.

என் ஒன்றுவிட்ட அக்கா கிளிநொச்சியில் இருக்கிறா. அத்தான் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒரு கடுதாசியும் இல்லை. மகன் சுவிஸில். இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பு அவனுடைய பணத்தில். நான் அங்கே நின்ற காலத்தில் அவன் தங்கச்சி வீட்டுக்கு வந்து சோர்ந்துபோய் இருந்தான். அதிகாலை நாலரை மணிக்கு வேலைக்குப் போகும்போது 50 வீதியில் 73 ஓடியிருக்கிறான். கருவியின் பிழைக்கென்று கழிப்பதைக் கழித்த பிறகுதான் அந்த 73. வீதியில் ஒரு குருவியும் இல்லை என்றான். கமரா மட்டும் முழித்திருந்தது.

21 கிலோமீற்றருக்கு மேல் கூடினால் தண்டத்தோடு பத்திரத்தையும் குறைந்தது ஒரு மாதத்துக்கு எடுப்பார்கள். 25 என்றால் மூன்று மாதம். இவன் 23. அதற்கும் மேலே, புதிதாகப் பத்திரம் எடுத்தவர்களுக்கு முதல் மூன்று வருடம் பரீட்சார்த்த காலம். அந்தக் காலத்துக்குள் பத்திரம் பறிபோனால் காலம் இன்னொரு வருடம் நீளும். திரும்பவும் அப்படி ஒன்று நடந்தால் பத்திரமே இரத்து. பிறகு ஒரு வருடம் காத்திருந்து, உளவியல் பரிசோதனையும் செய்து, முதலிலிருந்து எடுக்க வேண்டும். இவனுடைய வதிவிட அனுமதி வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. பிரஜாவுரிமைக்குப் போகிற நாளில் குற்றப் பதிவு, கட்டாத கடன் எல்லாம் பார்ப்பார்கள். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இதே வேகம் ஓடினால் அவனுக்குக் காசும் ஒரு மாதமும்தான் போகும். எங்கள் பிள்ளைக்குப் படுத்தால் நித்திரையும் போகிறது.

"அம்மாவுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டேன்.

"இல்லைச் சித்தி. வேலை குறைவெண்டு சொன்னனான். சொன்னா அழுவா. பிறகு காசே வேண்டாம் எண்டுவா."

அந்த ஒரு மாதமும் அவன் சைக்கிளில் போனான். ஒன்றரை மணித்தியாலம் முந்தி எழும்பினான். தண்டத்தை ஒரேயடியாகக் கட்ட முடியாமல் தவணை கேட்டு எழுதினான், கொடுத்தார்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்பதே எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. கடிதத்தைப் பார்க்கப் பயந்து லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். கட்டாமல் விட்ட தண்டம் கடைசியில் மறியல் நாட்களாக மாறும்.

அவனிடம் கேட்டுக்கொண்டுதான் திரும்பி வந்ததும் அக்காவுக்குச் சொன்னேன். அவ அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லையே? ஆரையும் இடிக்கேல்லையே?" என்று மட்டும் கேட்டா. பிறகு, "நான் எடுக்கிற நேரத்திலை அவன் கார் ஓடுறவனோ?" என்றா. அதை நான் யோசித்திருக்கவில்லை. இருவருமாக இருந்து விரல் மடித்துப் பார்த்தோம். கோடையில் சுவிஸ் நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு, மாரியில் நாலரை. அக்கா சாப்பிட்டுக் கோப்பை கழுவிவிட்டுப் படுக்க முன் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு எடுப்பா. அவனுக்கு அது பின்னேரம் ஐந்தரை மணி, இரண்டாவது வேலைக்குக் காரில் போகிற நேரம். அம்மாவின் அழைப்பு என்றால் அவன் எடுக்காமல் விடுவதில்லை.

இப்போது அக்கா அந்நேரம் அழைப்பு எடுப்பதில்லை. குரலில் பதிந்து அனுப்புகிறா. காருக்குள் ஒலிக்கவிட்டுக் கேட்காதே, வீட்டுக்குப் போய்க் கேள் என்று ஒவ்வொரு பதிவின் முதலிலும் சொல்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரில் பேசுகிறார்கள். பணம் திரும்பவும் ஒழுங்காக வருகிறது, முன்னையைவிடக் கொஞ்சம் குறைவாக. தவணை முடியும்வரை அப்படித்தான் என்று அக்கா கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறா.