தூந்திரமும் தேரிக்காடும்

வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பிரதேசத்தில் நெடிய மரங்கள் இல்லை. மண்ணுக்கடியில் ஆண்டெல்லாம் உறைந்து கிடப்பதால் வேர் ஆழமாக இறங்காது. பாசியும் குறுஞ்செடிகளும் தரையோடு படர்ந்து, கோடை வெயில் உறைமண்ணைத் தொடாமல் போர்வைபோல் காக்கின்றன. 1979 முதல் அப்பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ 4 மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. உறைமண் இளகி, அதிலுள்ள கரிமம் காற்றில் கலக்கிறது.

மண்ணைக் காக்கும் இதே வேலையை, சாத்தான்குளத்தை அடுத்த குதிரைமொழித் தேரியில் பனையும் உடைமரமும் செய்கின்றன. ஆடிக் காற்றில் பறக்கும் செம்மணலைப் பிடித்து வைப்பவை அவையே. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்லதே. ஆனால் தோட்டத்துக்குக் காவல் நாம்தான். சூளைக்கு விற்ற பணம் சில மாதத்தில் தீரும். பறந்த மண் திரும்புமா?