அட்டையில் ஒரு பெயர், உள்ளே பெயரற்ற உடல்கள்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெளிநாட்டுப் பயணிகள் விட்டுச்செல்லும் பழைய புத்தகங்களை விற்கும் கடை ஒன்றில் கனமான ஒரு புகைப்படத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தோம். கலை என்ற பெயரில் வெளிவந்த நிர்வாணப் படங்களின் தொகுப்பு. எங்களோடு இரண்டு கல்லூரி மாணவிகள் இருந்தார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி, "இது ஆபாசமா, கலையாக்கா?" என்று கேட்டாள். இன்னொருத்தி பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து படிக்க வந்தவள். அவள் கேள்வி வேறு: "இந்தப் பொண்ணு பேரு என்னக்கா?"

தேடிப் பார்த்தோம். ஐரோப்பிய மாடல்கள் சிலரின் படங்களுக்குக் கீழே அவர்களுடைய பெயர் இருந்தது. ஆப்பிரிக்க, ஆசியப் பெண்களின் படங்களுக்குக் கீழே இனத்தின் பெயரும் ஊரின் பெயரும் மட்டுமே. புகைப்படக்காரர் பெயர் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது.

முதல் கேள்வியைப் பற்றி நூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைத்தான் நாம் பேச வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நிர்வாணத்தைக் கண்டு பதறும் கலாச்சாரக் காவலர்களின் கூட்டத்தில் நாங்கள் இல்லை. மாமல்லபுரத்தில் நின்றுகொண்டு திறந்த உடலைப் பாவம் என்று சொல்வதைப் போன்ற வேடிக்கை வேறில்லை. இங்கே பாறையில் செதுக்கப்பட்ட தேவர்களும் அரசர்களும் பெண்களும் பெரும்பாலும் மேலாடை இல்லாதவர்கள்தான். ஆனால் அந்தக் கல்லிலும் நம் மாணவியின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆதிவராகர் குகைக்கோயிலில் இரண்டு பல்லவ அரசர்கள் தங்கள் அரசிகளோடு நிற்கிறார்கள். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று அரசர்களின் பெயர்கள் மேலே வெட்டப்பட்டிருக்கின்றன. அரசிகளுக்குப் பெயர் இல்லை. கிருஷ்ண மண்டபத்தில் பானை சுமக்கும் ஆயர் பெண்ணுக்கும் இல்லை. அரசனின் உடல் திறந்திருந்தாலும் பெயர் இருப்பதால் அது அவனுடைய உருவம். பெயரில்லாத உடல் பார்ப்பவனுடைய சொத்தாகிவிடுகிறது.

கேமரா வந்த பிறகு இது ஒரு தொழில்முறையாகவே மாறியது. 1869ல் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் ஒரு முறையைச் சொன்னார். பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் கட்டிய சட்டகத்தின் முன் மனிதரை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுத்தால், எந்த இனத்தின் உடலையும் அளந்து ஒப்பிடலாம் என்றார். 1890களில் அந்தமானில் அதிகாரியாக இருந்த போர்ட்மேன், அந்தமான் பழங்குடிகளைக் கட்டம் போட்ட பலகையின் முன் நிறுத்தி எடுத்த படங்களைத் தொகுதி தொகுதியாக பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அகரவரிசைப்படுத்தி 7 தொகுதிகள் வெளியிட்டார். செங்கல்பட்டு இருளர்களும் அதில் ஒரு தலைப்பு. எங்கள் மாணவியின் கொள்ளுத்தாத்தா காலத்து மனிதர்கள் அங்கே மாதிரிகளாக நிற்கிறார்கள்.

அது காலனிய ஆட்சி, அறிவியல் என்ற பெயரில் நடந்தது, கலை வேறு என்பார்கள். அவ்வளவு வேறா? ஹிட்லருக்குப் பிரச்சாரப் படம் எடுத்த லெனி ரீஃபென்ஸ்டால், சூடானின் நூபா மக்களை நிர்வாணமாகப் படமெடுத்து 1973ல் ஆடம்பரத் தொகுப்பாக வெளியிட்டார். உலகம் கொண்டாடியது. அந்த 'அழகு' நாஜி அழகியலின் தொடர்ச்சி என்று 1975ல் சூசன் சொன்டாக் எழுதினார். நம் நாட்டில் சுனில் ஜானா. 1943 வங்கப் பஞ்சத்தை உலகுக்குக் காட்டியவர், இடதுசாரி, நாம் மதிக்கிற கலைஞர். வெரியர் எல்வினோடு ஆதிவாசிப் பகுதிகளில் சுற்றி அவர் எடுத்த படங்கள் 1993ல் பெரிய தொகுப்பாக வந்தன. மேலாடை அணியாத பெண்கள் அதில் கம்பீரமாக இருக்கிறார்கள். படமெடுத்தவரின் அன்பை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் பல படங்களுக்குக் கீழே பழங்குடியின் பெயர்தான் இருக்கிறது, அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேர்மையான உதாரணம் கிடைக்காது.

நம் மக்களுக்கு உடை வெறும் துணியாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு அடிபட்டார்கள். 1859ல் அரசு அறிவித்த அனுமதியில்கூட, மேல்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1927ல் மகாடில் திரண்ட பெண்களிடம், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதமாகச் சேலை கட்டுவதை நிறுத்துங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னார். 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படியுங்கள். தலித், பழங்குடி மக்களின் ஆடையைப் பலவந்தமாகக் களைவதும், நிர்வாணமாக ஊர்வலம் விடுவதும் அதில் தனிக் குற்றங்கள். இந்த நாட்டில் அவை திரும்பத் திரும்ப நடந்ததால்தான் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது. அந்த வரலாற்றைச் சுமப்பவர்களிடம் வந்து, "நிர்வாணம் விடுதலை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. யாருக்கு விடுதலை என்று கேட்போம்.

ஆபாசத்துக்கான சட்டம் இதைக் கேட்பதே இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292வது பிரிவு, பார்ப்பவரின் மனம் கெடுமா என்று கேட்டது. கோயில், தேர், புராதனச் சின்னங்களின் சிற்பங்களுக்கும், கலைக்காக வெளியிடப்படுபவற்றுக்கும் விலக்குத் தந்தது. இப்போது அது நியாய சன்ஹிதாவில் 294வது பிரிவு. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய கறுப்பினக் காதலியும் நிர்வாணமாக நின்ற படத்தை ஓர் இந்தியப் பத்திரிகை மறுபதிப்புச் செய்த வழக்கில், அது ஆபாசமல்ல என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அதில் இருவருக்கும் பெயர் இருந்தது. படம் எடுத்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. நிறவெறிக்கு எதிராக நிற்பதாக அவர்களே பேசினார்கள். ஆனால் அங்கும் நீதிமன்றத்தின் முக்கியக் கேள்வி, சமூகத்தின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான். படத்தில் இருப்பவர் மனமார ஒப்பினாரா என்பது ஆபாசச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

இதற்குப் பதில் தேடுகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். 1850ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஹார்வர்ட் பேராசிரியர் அகாசிஸுக்காக ரெண்டி, டெலியா உள்ளிட்ட அடிமைகளின் ஆடையைக் களைந்து படமெடுத்தார்கள். ரெண்டியின் வழித்தோன்றல் நான் என்று சொல்லி டமாரா லேனியர் 2019ல் ஹார்வர்ட் மீது வழக்குத் தொடர்ந்தார். பல்கலைக்கழகம் அந்தப் படங்களைக் கைவிட ஒப்புக்கொண்டு 2025ல் சமரசத்துக்கு வந்தது. 175 வருடம் கழித்துப் படங்கள் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. தென்னாப்பிரிக்காவின் சானெலே முஹோலி, தன் சமூகத்தின் கறுப்பின லெஸ்பியன் பெண்களைப் படமெடுக்கிறார். அவர்களைப் பங்கேற்பாளர்கள் என்றே அழைக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் பெயர், ஊர், வருடம்தான் தலைப்பு. நம் பக்கத்தில் பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் படமெடுத்ததோடு நிற்காமல், விளிம்புநிலைப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்றுத்தருகிறார்.

எனவே ஒரு புகைப்படத் தொகுப்பைக் கையில் எடுத்தால் நான்கு கேள்வி கேளுங்கள். பெயர் இருக்கிறதா? ஒப்புதல் கேட்டார்களா? மறுத்திருந்தால் அவருக்கு ஏதாவது இழப்பு வந்திருக்குமா? விற்ற பணத்தில் பங்கு உண்டா? இந்த நான்குக்கும் நேர்மையான பதில் சொல்லும் தொகுப்பு நிர்வாணமாக இருந்தாலும் எங்களுக்குப் பிரச்சனை இல்லை. நாளை ஒரு தலித் பெண் தன் உடலைத் தானே படமெடுத்துத் தன் பெயரில் தொகுப்புப் போட்டால், அவரைத் திட்ட வரும் நம் ஊர் ஆண்களுக்கு எதிராக முதலில் நாங்கள் நிற்போம்.

கடைசியாக, நம்மைப் பற்றி. 2023 ஜூலையில் மணிப்பூரின் அந்த வீடியோ வந்தபோது நம் குழுக்களில் எத்தனை பேர் அப்படியே பகிர்ந்தோம்? கோபத்தில்தான் பகிர்ந்தோம். ஆனால் அந்தப் பெண்களின் நிர்வாணம் அவர்களைக் கேட்காமல் நம் போன்களில் ஓடியது. வன்கொடுமைக்கு ஆளானவரின் சடலத்தைத் துண்டறிக்கையில் போடுகிறோம், குடிசை வாசலில் சட்டையில்லாமல் நிற்கும் பிள்ளையின் படத்தை நன்கொடை கேட்கப் பயன்படுத்துகிறோம். களப்பணியில் நாங்களும் செய்திருக்கிறோம். இருளர் குடியிருப்பில் ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார்: "எத்தினி பேரு வந்து போட்டோ புடிச்சினு போனீங்க, ஒண்ணாவது குடுத்தீங்களா?" பதில் இல்லாமல் நின்றோம்.

அடுத்த வாரம் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனோம். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பேரு எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தோம். இப்போது பெயர் எழுதாத எந்தப் படமும் எங்கள் அறிக்கைகளில் வருவதில்லை, சட்டமோ பாதுகாப்போ பெயரை மறைக்கச் சொல்லும் இடங்களைத் தவிர. அங்கே முகத்தையும் காட்டுவதில்லை. தோழர்களே, உங்கள் போனில் இருக்கும் படங்களை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?