4 மணி நேரத்துக்கு 11,000 ரூபாயா? கார்த்தஹேனாவில் தனி டூர் எடுத்த கணக்கு



போன வாரம் கொலம்பியா ட்ரிப்போட செலவுக் கணக்கை வீடியோவா போட்டிருந்தேன் இல்லையா, அதுல ஒரே ஒரு வரிக்குத்தான் கமெண்ட்ல அத்தனை அடி. "தனி டூர், 4 மணி நேரம், 130 டாலர்." ஒரு தம்பி கணக்கே போட்டுக் காட்டிட்டார். "அண்ணே, இது 11,000 ரூபாய். 12 சதவீதம்னு வச்சு 20 வருஷம் விட்டிருந்தா ஒரு லட்சத்துக்கு மேல. நீங்கதானே இதைச் சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். கணக்கும் சரிதான். ஆனா அதே கணக்கை அந்த ட்ரிப்போட மொத்தச் செலவுக்குப் போட்டுப் பாருங்க. 1,100 டாலர், அதாவது 93,500 ரூபாய். 20 வருஷத்துல 9 லட்சம். போகலாமா வேண்டாமான்னு முடிவு எடுக்கிற அன்னைக்குத்தான் அந்தக் கணக்கைப் போடணும். நான் போட்டேன், போட்டுட்டுத்தான் கிளம்பினேன். விமானம் ஏறி அந்த ஊர்ல இறங்கினதுக்கு அப்புறம் வேற கணக்கு ஆரம்பிக்குது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல நிலவரம். ஆபீஸ் ப்ராஜெக்ட்டுக்காக நான் ஃப்ளோரிடாவில் இருக்கேன். அப்பா, அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தாங்க. ஒரு லாங் வீக்எண்ட் கிடைச்சது. மயாமியிலருந்து கார்த்தஹேனாவுக்கு மூணு மணி நேரத்துக்குள்ள நேரடி விமானம். செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருந்ததால கொலம்பியாவுக்குத் தனி விசா எடுக்கலை (குறைஞ்சது 180 நாள் பாக்கி இருக்கணும். விதி மாறலாம், கிளம்புறதுக்கு முன்னாடி தூதரகப் பக்கத்துல ஒரு தடவை பார்த்துடுங்க). அப்பாவுக்கு 67 வயசு, நெடுஞ்சாலைத் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு ரெண்டு முட்டியிலயும் வலி.

கார்த்தஹேனா கரீபியன் கடலோரத்துல 1533-ல ஸ்பானியர்கள் உருவாக்கின ஊர். தென் அமெரிக்காவிலருந்து வெள்ளியும் தங்கமும் ஸ்பெயினுக்குப் போன துறைமுகம். அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கி வித்த துறைமுகமும் அதுதான். கொள்ளைக்காரங்களுக்குப் பயந்து ஊரைச் சுத்தி மதில் கட்டினாங்க. 1984-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துடுச்சு. வெயில் எப்படின்னா, நம்ம சென்னை மே மாசத்தைக் கொஞ்சம் தணிச்சு வருஷம் முழுக்கப் பரப்பி விட்ட மாதிரி. வேர்த்துக் கொட்டும்.

இப்ப கணக்கு. சனிக்கிழமை மதியம் இறங்கினோம், திங்கள் மதியம் விமானம். கேக்க ரெண்டு நாள் மாதிரி இருக்கும். ஆனா வயசானவங்களோட உண்மையிலேயே வெளியில சுத்த முடியற நேரத்தை எண்ணினேன். சனி சாயங்காலம் 5 மணி நேரம். ஞாயிறு காலையில 4, வெயில் தாழ்ந்து 5. திங்கள் காலையில 3. ஆக மொத்தம் 17. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூணு பேருக்கு 1,100 டாலர். வகுத்தா ஒரு மணி நேரம் 65 டாலர்.

இந்த 65-தான் என் அளவுகோல். அந்த ஊர்ல எந்தச் செலவு வந்தாலும், இது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்துது, எத்தனையைத் தின்னுதுன்னு பார்த்தேன்.

பஸ்ல கூட்டமாப் போற டூர் தலைக்கு 30 டாலர், மூணு பேருக்கு 90. தனி டூர் வண்டிக் கணக்கு. நாலு பேர் வரைக்கும் 130, கைடும் காரும் சேர்த்து, நுழைவுக் கட்டணம் தனி. வித்தியாசம் 40 டாலர், நம்ம காசுல 3,400 ரூபாய். பஸ் டூர்ல ஹோட்டல் ஹோட்டலா ஆள் ஏத்தவே ஒரு மணி நேரம் ஆகும்னு அவங்க விவரத்துலயே போட்டிருந்தாங்க. அந்த ஒரு மணி நேரம் எனக்கு 65 டாலர். முடிவு அங்கேயே வந்துடுச்சு.

"டிக்கெட் காசு போனது போனதுதானே, அதை ஏன் இதுல இழுக்கறீங்க?"ன்னு கேக்கறவங்க இருப்பீங்க. நியாயமான கேள்வி. நஷ்டத்துல இருக்கிற ஷேரை "இவ்ளோ போட்டுட்டோமே"ன்னு பிடிச்சுட்டு இருக்காதீங்கன்னு நானே சொல்லியிருக்கேன். ஆனா இங்க நான் போன காசைத் திரும்ப எடுக்கப் பார்க்கலை. பாக்கி இருக்கறது 17 மணி நேரம், அதைக் கூட்ட முடியாது. ஒரு மணி நேரத்துக்கு நான் எவ்வளவு தரத் தயாரா இருந்தேன்னு அந்த டிக்கெட் விலை காட்டிக் குடுக்குது, அவ்ளோதான்.

சரி, 130 டாலருக்கு என்ன கிடைச்சது?

காலையில 8 மணிக்கு கைடு வந்தாங்க. நடுத்தர வயசு அம்மா, நல்ல இங்கிலீஷ். மலை மேல இருக்கிற லா போப்பா மடத்துக்கு முதல்ல போறதாத்தான் பேச்சு. அவங்க போனைப் பார்த்துட்டு, "இன்னைக்கு துறைமுகத்துல சொகுசுக் கப்பல் நிக்குது, ஒன்பதரைக்கு மேல கோட்டையில கால் வைக்க முடியாது, அங்கேயே முதல்ல போயிடலாம்"னாங்க. நாங்க கோட்டையை முடிச்சு இறங்கும்போது கீழ வரிசையா பஸ்கள் வந்து நின்னுச்சு. குடையும் தொப்பியுமா பெரிய கூட்டம். இந்த மாதிரி ஒரு முடிவைப் பஸ் டூர்ல எடுக்கவே முடியாது.

சான் ஃபெலிப்பே கோட்டை ஏத்தமான சாய்வுப் பாதை. அம்மா பாதியிலேயே நிழல்ல உக்காந்துட்டாங்க. கைடு அவங்களுக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டு, அங்க நின்னே அந்த 1741 கதையைச் சொன்னாங்க. ஆங்கிலேயத் தளபதி வெர்னான் பெரிய கப்பற்படையோட வந்து ஊரை முற்றுகை போடறார். ஊரைக் காப்பாத்தினவர் ப்ளாஸ் தே லெஸோ. முந்தைய போர்கள்ல ஒரு கால் போச்சு, ஒரு கண் போச்சு, ஒரு கை விளங்காம போச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, ஜெயிக்கறதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல வெற்றிப் பதக்கம் அடிச்சுட்டாங்க. லெஸோ வெர்னான் முன்னாடி மண்டியிடற மாதிரி படத்தோட! கடைசியில மழையும் காய்ச்சலும் சேர்ந்து அடிக்க, ஆங்கிலேயர் திரும்பிப் போக வேண்டியதாயிடுச்சு. லிஸ்டிங் லாபத்தை ஐபிஓ அலாட்மென்ட்டுக்கு முன்னாடியே செலவு பண்றவங்க ஞாபகம் எனக்கு வந்தது.

அப்பா வேற உலகத்துல இருந்தார். சுவர்ல கையை வச்சுப் பார்த்து, "இது என்ன கல்லு?"ன்னார். பவளப்பாறைக் கல்லு, சுண்ணாம்புக் காரை. அவ்ளோதான், அடுத்த கால் மணி நேரம் ரெண்டு பேரும் காரை, உப்புக்காத்து, அரிமானம்னு பேச, நான் மொழிபெயர்ப்பாளர். அப்புறம் சுரங்கப் பாதையில அப்பாவை ஒரு கோடியில நிக்க வச்சு, அவங்க இன்னொரு கோடியிலருந்து மெதுவாப் பேசினாங்க, தெளிவாக் கேட்டது. எதிரி உள்ள வந்தா காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுடுமாம். 40 பேர் கூட்டத்துல அப்பா வாயே திறந்திருக்க மாட்டார். கூச்ச சுபாவம்.

லா போப்பா, ஊர்லயே உயரமான இடம். 1607-ல தொடங்கின மடம். வண்டியில போறதுதான் பாதுகாப்புன்னு எல்லாருமே சொல்றாங்க. மேலருந்து பார்த்தா மதில் சூழ்ந்த பழைய ஊர், போகாகிராந்தேவோட கண்ணாடி அடுக்குமாடிகள், சுத்தி நெருக்கமா ஏழைக் குடியிருப்புகள், மூணும் ஒரே பார்வையில தெரியும். கீழ தெருவுல மட்டும் சுத்தினா மூணாவது கண்ணுலயே படாது.

இனி குறை. அதையும் சொல்லணும் இல்லையா. மலையிலருந்து இறங்கினதும் "ஒரு சின்ன மியூசியம்"னு ஒரு இடத்துல நிறுத்தினாங்க. அஞ்சு நிமிஷம் பாறை, கண்ணாடிப் பெட்டி. அப்புறம் பார்த்தா மரகதக் கடை. கொலம்பியா மரகதத்துக்குப் பேர் போன நாடு, கல்லு நல்ல கல்லாவே இருக்கலாம். ஆனா எனக்கோ அம்மாவுக்கோ மரகதத்தைப் பார்த்து மதிப்புச் சொல்லத் தெரியாது. ஜில்லுன்னு ஏசி, ஜூஸ், "உங்களுக்காக மட்டும்" தள்ளுபடி. அம்மா ஒரு தோட்டைக் காதுல வச்சுக் கண்ணாடி பார்த்துட்டாங்க. அப்பாதான் "இதைத் திருப்பிக் குடுத்தா எவ்வளவுக்கு எடுத்துப்பாங்க, கேளுடா"ன்னார். கேட்டேன். சிரிச்சு மழுப்பினாங்க. வெளிய வந்துட்டோம். 40 நிமிஷம், என் கணக்குல 43 டாலர் காலி. தப்பு என் மேலயும் இருக்கு, புக் பண்ணும்போதே "கடை வேண்டாம்"னு எழுதியிருக்கணும்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய ஊருக்குள்ள எங்களை இறக்கி விட்டாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி காட்டின ரெண்டு இடம் மறக்காது. ஒண்ணு, மணிக்கூண்டு வாசலுக்குள்ள நுழைஞ்சதும் வர்ற சதுக்கம். கலர் கலரா பால்கனி, எல்லாரும் செல்ஃபி. அடிமைச் சந்தை நடந்த இடம் அது. இன்னொண்ணு, சான் பெத்ரோ கிளாவேர் கோயில். அடிமைகளுக்கே வாழ்க்கையைக் குடுத்த பாதிரியார், 1654-ல இறந்தவர், எலும்புகள் பலிபீடத்துக்குக் கீழ இருக்கு. மஞ்சள், நீலம், சிவப்புப் பாவாடையில பழக்கூடையோட நிக்கிற பெண்கள், தப்பியோடின அடிமைகள் உருவாக்கின பாலென்கே ஊர்க்காரங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, காசு குடுங்க. அது அவங்க வேலை.

அதுக்கப்புறம் கைடு தேவையே இல்லை. முழு நாள் தனி டூர் விக்கிறாங்க, அதைத்தான் நான் வீண் செலவுன்னு சொல்வேன். மதிலுக்குள்ள நடந்தே பார்த்துடலாம், மதியத்துல எப்படியும் யாரும் நடக்க முடியாது. சாயங்காலம் இனிப்புக் கடை வரிசையில தேங்காய் மிட்டாய் வாங்கினோம். ராத்திரி மீனோட வந்த சோறு இனிப்பான தேங்காய் சாதம். "இங்கயுமா!"ன்னு அம்மா முழுசாச் சாப்பிட்டாங்க. அந்த மெனுவைப் பார்த்துத்தான் முன்னாடி மூச்சு நின்னுச்சு அவங்களுக்கு. "$45.000" போட்டிருந்தது! கொலம்பியா பெசோவுக்கும் அதே டாலர் குறிதான், புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கறதுக்கு. மூணு சைபரை வெட்டிட்டு 20-ஆல பெருக்கினா, அன்னைக்கு ரேட்டுல ஏறக்குறைய ரூபாய் வந்துச்சு. அது 900 ரூபாய் மீன்.

இதே 130 டாலரை நீங்க தனியா போகும்போது குடுக்கலாமா? வேண்டாம். 25 வயசு, முட்டி நல்லா இருக்கு, தனி ஆள்னா என் கணக்கு அப்படியே தலைகீழ். டிப்ஸ் மட்டும் வாங்கற நடைப் பயணத்துல சேர்ந்துட்டு, கோட்டைக்கு டாக்சியில போங்க. அங்க டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறறதுக்கு முன்னாடியே பேசிடணும். நம்ம ஆட்டோ அனுபவம் கை குடுக்கும். இந்த ட்ரிப்பையே இஎம்ஐ போட்டுத்தான் போகணும்னு இருந்தா, டூரைப் பத்தின பேச்சே வேண்டாம், ட்ரிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.

எடுக்கறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி மெசேஜ்லயே கேட்டுக்குங்க: விலை வண்டிக்கா, தலைக்கா? நுழைவுச் சீட்டு சேர்ந்ததா? வர்றது வெறும் டிரைவரா, உரிமம் உள்ள கைடா (அங்க கைடுக்கு அரசு அங்கீகார அட்டை உண்டு)? கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? அன்னைக்குக் கப்பல் வருதா? கார்டு தேய்க்கும்போது "ரூபாயில கட்டவா, பெசோவிலயா"ன்னு மெஷின் கேட்டா பெசோவையே அமுக்குங்க. ரூபாய்னு அமுக்கினா அவங்க வைக்கிறதுதான் ரேட். நம்ம ஊர் கிரெடிட் கார்டுல பெரும்பாலும் 3.5 சதவீத மார்க்அப், அது மேல ஜிஎஸ்டி. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே மார்க்அப் இல்லாத கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. இந்தியாவிலருந்தே பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது 26ஏஎஸ்-ல வந்திருக்கான்னு பார்த்து, ரிட்டர்ன் போடும்போது மறக்காம கணக்குல காட்டிடுங்க.

கணக்குப் போட்ட அந்தத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். உங்க அடுத்த ட்ரிப்போட மொத்தச் செலவை, சுத்த முடியற மணி நேரத்தால வகுத்து என்ன நம்பர் வருதுன்னு கமெண்ட்ல போடுங்க. என்னோட 65-ஐ விடக் கம்மியா இருந்தா, எப்படிக் குறைச்சீங்கன்னும் சொல்லுங்க. நானும் கத்துக்கறேன்.