அளவு பிழைத்தால் செலவு யார் தலையில்?

கட்டிடம் கட்டுவோர் தம் பணம் சீமெந்திலும் கம்பியிலும் கூலியிலும் கரைகின்றது என்றே கணக்கெழுதுகின்றனர். அக்கணக்கில் ஏறாத நான்காவது செலவு ஒன்று உண்டு. பிழைபட்ட பரிசோதனையின் செலவே அது. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் அதற்கென ஓர் இடமும் இல்லை. ஆயினும் பாடசாலை, மதகு, வைத்தியசாலை, வாய்க்கால் என்று பொதுப் பணத்தில் எழும் ஒவ்வொன்றிலும் அச்செலவை நாமே செலுத்தி வருகின்றோம்.

கொங்கிறீற்றின் வலிமையை அறியும் முறை யாவரும் அறிந்ததே. ஈரக் கலவையை 150 மில்லிமீற்றர் அச்சில் சதுரமுகிக் கட்டிகளாக வார்த்து, 28 நாள் நீரிலிட்டு, பொறியில் வைத்து நசுக்குகின்றனர். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூற்றன் தாங்க வேண்டும் என்பது கட்டளையாயின், நூறு பெறுபேறுகளில் ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே விழலாகாது. ஆகவே பொறியியலாளர் 25ஐக் குறிவைத்துக் கலப்பதில்லை. பெறுபேறுகளின் நியமவிலகலை 1.64ஆற் பெருக்கி, அதனை 25உடன் கூட்டி, அந்த உயர்ந்த இலக்குக்கே கலக்கின்றார்.

சூழ்ச்சி தொடங்குமிடம் இதுவே. அந்த விலகல் முழுவதும் கலவையின் குற்றமா? அன்று. கலவையின் உண்மை விலகல் 3 என்றும், சோதனையின் சீர்கேட்டால் வரும் விலகல் 4 என்றும் கொள்வோம். 3இன் வர்க்கம் 9, 4இன் வர்க்கம் 16, கூட்டினால் 25, அதன் மூலம் 5. ஏட்டில் பதிவாவது இந்த 5 மட்டுமே. சோதனை செம்மையாயின் இலக்கு ஏறக்குறைய 30 ஆக இருந்திருக்கும். இப்போதோ 33ஐத் தாண்டுகின்றது. கலவைக்குக் கலவை வேறுபடினும், ஒரு நியூற்றனை உயர்த்தக் கன மீற்றருக்கு ஐந்தாறு கிலோ சீமெந்து கூடுதலாக வேண்டும் என்பது பொதுவான அனுபவம். அவ்வாறாயின் கன மீற்றருக்கு 20 கிலோ வரை மிகை. நூறு கன மீற்றர் வேலையில் அது நாற்பது மூட்டை! அந்த நாற்பது மூட்டையும் கட்டிடத்தின் தேவைக்காக இடப்பட்டவை அல்ல; ஆய்வுகூடத்தின் அசட்டைக்காக இடப்பட்டவை. அவற்றை அச்சத்தின் மூட்டைகள் என்றே நாம் அழைப்போம்.

கமக்காரருக்கு இது புதுமையன்று. நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14ஐத் தாண்டினால் கொள்வனவு நிலையத்தில் விலை குறைகின்றது. 14 உள்ள நெல்லைப் பழுதான மானி 16 என்று காட்டினால் நட்டம் யாருக்கு? மானிக்கா? வெயிலில் நின்று காயவைத்தவனுக்கே! நெல்லுக்கு நேரும் அந்த அநீதிதான் கொங்கிறீற்றிலும் நேர்கின்றது. வேறுபாடு ஒன்றே: நெல்லின் நட்டம் அன்று மாலையே தெரிகின்றது, கட்டிடத்தின் நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் புதைந்துவிடுகின்றது.

அசட்டை எங்கெங்கு நுழைகின்றது? அச்சில் கலவையைச் செவ்வையாக இடித்து இறுக்காவிடின், நூற்றுக்கு 5 பங்கு வெற்றிடம் எஞ்சினாலே வலிமை நூற்றுக்கு 30 வரை வீழும். கட்டியை நீரிலிடாது வெயிலில் போட்டாலும் வீழும். பொறியின் நடுவில் வையாது ஓரமாக வைத்தாலும், முகம் கோணியிருந்தாலும் வீழும். நல்ல கலவை கெட்டதெனப் பழிசுமக்கின்றது. குற்றமற்ற தூணை இடிக்கும்படி கட்டளை பிறக்கின்றது. 28 நாள் கழித்து அக்கட்டளை வரும்போது அத்தூணின்மேல் அடுத்த தட்டும் எழுந்துவிடுகின்றது. இடிப்பதும் செலவு, மீளக் கட்டுவதும் செலவு, வழக்காடுவதும் செலவு.

இதற்கு நேர்மாறான கயமையும் உண்டு. கட்டிடத்துக்கு ஒரு கலவை, கட்டிக்கு வேறொரு கலவை! சீமெந்தை அள்ளிச் சேர்த்துத் தனியே வார்த்த கட்டி, சோதனையில் சிங்கமாய் நிற்கும். கூரை மாரியில் ஒழுகும். அசட்டை பணத்தைத் தின்னுகின்றது. கயமை உயிரையே தின்னக்கூடும்.

"கூடுதற் சீமெந்து பாதுகாப்புத்தானே? போனால் போகட்டும்" என்பார் சிலர். அவர்களுக்கு நாம் இறுப்பது இது: மிகையான சீமெந்து மிகையான வெப்பத்தையும் சுருக்கத்தையும் தரும், வெடிப்புக்கு அதுவே வழிகோலும். "சோதனைக்குச் செலவாகுமே" என்பார் வேறு சிலர். பிழையான சோதனைக்கும் அதே கூலியைத்தானே கொடுக்கின்றோம்? நாற்பது மூட்டையை மண்ணுக்குக் கொடுப்போர், பொறியைச் சீர்பார்க்கும் கட்டணத்துக்கு ஏன் கைநடுங்குகின்றனர்?

காங்கேசன்துறைச் சீமெந்தாலை 1950இல் இயங்கத் தொடங்கி 1990இல் போரால் மூடுண்டது. அதன் பின்னர் வடக்கு தன் சீமெந்தை வெளியிலிருந்தே வாங்கி வந்துள்ளது. வீடிழந்த குடும்பங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 2012 முதல் கிடைத்த தொகை வீட்டுக்கு 550,000 ரூபா. இத்தகைய மக்களின் கையில் வீணாகும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு கதவு, ஒரு சாளரம்.

நாட்டில் சட்டமில்லை என்று எவரும் சாக்குரைக்க இயலாது. 1964ஆம் ஆண்டின் சட்டம் நியமங்களுக்கென ஒரு நிறுவனத்தைத் தந்தது. 2005ஆம் ஆண்டின் சட்டம் ஆய்வுகூடங்களின் தகுதியை மதிப்பிடும் சபையைத் தந்தது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டங்கள் ஏட்டிலிருந்து இறங்கிக் கட்டிட வளவுக்கு வரவேண்டும் என்பதே எமது வழக்கு.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பொதுப் பணத்தில் நடக்கும் வேலைகளின் சோதனை, தகுதி மதிப்பிடப்பெற்ற ஆய்வுகூடங்களிலேயே நடைபெறல் வேண்டும். கட்டியை வார்க்கும்போது ஒப்பந்தகாரரைச் சாராத ஒருவர் உடனிருந்து இலக்கமிடல் வேண்டும். ஒரே கலவையின் கட்டிகளை இரு கூடங்களுக்கு அனுப்பி, பெறுபேறுகளை ஒப்பிடல் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடம் இதில் நடுவராய் நிற்கத்தக்கது. பெறுபேறுகள் தமிழில் எழுதப்பெற்று, பணம் செலுத்தும் மக்களின் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும்.

பொறியியலாளர்களே, உங்கள் கையொப்பத்துக்கு முன்னர் பொறி எப்போது சீர்பார்க்கப்பட்டது என்று கேளுங்கள். கமக்காரர்களே, உங்கள் ஊர் மதகுக்கு வார்த்த கட்டி எங்கே நசுக்கப்பட்டது என்று கேளுங்கள். தராசு கோணினால் வணிகனைக் கேட்கும் நாம், அரசின் தராசு கோணும்போது வாய்மூடி இருத்தல் தகுமா?