எங்கே வாங்கலாம்?

மதுரையில் எது எங்கே கிடைக்கும் என்று யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தங்கம் வேண்டுமா? தெற்கு ஆவணி மூல வீதி. பலசரக்கை மொத்தமாக வாங்க வேண்டுமா? கீழமாசி வீதி. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணி எடுக்க வேண்டுமா? விளக்குத்தூண். பூவும் காய்கறியும் வேண்டுமா? மாட்டுத்தாவணி. மதுரைப் பெண்பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஆகவே இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டதும், "இதையும் இவர்கள் சொல்லித்தர வேண்டுமா?" என்று எங்கள் அன்னையர் நகைக்கக்கூடும். ஆனால் நாங்கள் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. ஒரே பொருள் நான்கு இடங்களில் கிடைக்கும்போது, நம் பணம் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும்?

இவ்வூருக்கு வணிகம் புதியதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் பற்றிப் பேசுகிறது. தூங்கா நகரம் என்ற பெயர் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை! சிலப்பதிகாரத்துக் கோவலன் தன் மனைவியின் சிலம்பை விற்க வந்ததும் இந்த ஊருக்குத்தான். அவன் நம்பிய பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசன் விசாரியாது தீர்ப்பளித்தான். ஊர் எரிந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள நம்பிக்கை உடைந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே நாம் முதலில் பார்க்க வேண்டியது பொருளின் உண்மை. தங்கத்திற்கு இன்று சட்டமே காவல் நிற்கிறது. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நகையின்மேல் ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்க வேண்டும். ஆனால் சேலைக்கு நம் கண்தான் காவல். மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவண்ணம் அது. துணியில் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் நனைத்து, பின்பு அவிழ்த்தால் புள்ளிகள் பூக்கும். 2005-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அச்சில் புள்ளி பதித்த சேலைகளும் "சுங்குடி" என்ற பெயரிலேயே விற்கின்றன. அச்சுச் சேலையை வாங்குவது குற்றமன்று. விலை குறைவு, அன்றாடம் உடுத்த ஏற்றது. ஆனால் எது எதுவென்று தெரிந்து வாங்க வேண்டாமா? கையால் முடிச்சுப் போட்ட சேலையில் புள்ளிகள் அச்சடித்தாற்போல் ஒரே அளவாக இரா. முடிச்சு அவிழ்ந்த இடத்தில் துணி சற்றே சுருங்கியிருக்கும். நாம் இதைக் கேட்டு வாங்கினால்தான், கண் நோகக் குனிந்து முடிச்சுப் போடும் பெண்களுக்கு நாளையும் வேலை இருக்கும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, பொருளின் பின்னால் இருக்கும் கை. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் நெடுங்காலமாகத் தையற்காரர்களும், பாத்திரம், வளையல், புத்தகம் விற்போரும் கடை வைத்திருந்தார்கள். இப்போது அம்மண்டபம் பழைய பொலிவு பெறுவதற்காகக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டுள்ளன. அந்தத் தையற்காரர்களில் பலர் இஸ்லாமியர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்காக வேடம் புனையும் பக்தர்களின் உடைகளைத் தைத்துக் கொடுப்பவர்கள் அவர்களே. மத நல்லிணக்கத்தைப் பற்றி நாம் பேச்சுப் போட்டியில் முழங்குகிறோம். அவர்களோ அதை ஊசியும் நூலும் கொண்டு செய்து காட்டுகிறார்கள். இடம் மாறிய வியாபாரிகளைப் பழைய வாடிக்கையாளர் தேடிப் போகாவிட்டால், அந்தக் கலை எத்தனை நாள் தாங்கும்?

திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள விளாச்சேரியைப் பாருங்கள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் அதே கைகள், டிசம்பர் வந்தால் குழந்தை இயேசுவையும், அன்னை மரியாளையும், சூசையப்பரையும், இடையர்களையும் வடிக்கின்றன. நம் குடில்களுக்கு வேண்டியது அத்தனையும் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. எங்கோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மைகளைப் பெட்டியோடு வாங்கி வைப்பானேன்? மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனுக்கு, ஏழைக் குயவர் வீட்டுத் திண்ணையில் உருவான மண் உருவமே பொருத்தமானது என்பது எங்கள் எண்ணம்.

இனிப் பேரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிரூட்டிய கடைக்குள் நுழைந்தால் சீட்டில் எழுதிய விலையை மறுபேச்சின்றிக் கொடுத்து விடுகிறோம். வெளியே வந்ததும், நடைபாதையில் வெயிலில் அமர்ந்து மல்லிகை கட்டும் பாட்டியிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். இது எந்த ஊர் நியாயம்? பேரம் பேசுவதே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அது நம் கடைவீதியின் பழக்கம். அதில் ஒரு சிரிப்பும் உறவும் கூட உண்டு. ஆனால் அந்த ஐந்து ரூபாய் யாருக்கு அதிகம் தேவை என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அப்படியானால் பெரிய கடைகளுக்கே போகக் கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டோம். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்களுக்கு, ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பது பெரிய உதவி. பில் உண்டு, மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. பேரம் பேசத் தெரியாதவர் ஏமாறுவதில்லை. அங்கே வேலை செய்வோரும் நம்மவரே. எங்களைவிட மூன்று, நான்கு வயதே மூத்த அக்காமார் நமக்காக ஐம்பது சேலைகளை விரித்துக் காட்டி, மீண்டும் மடித்து வைக்கிறார்கள். அவர்கள் உட்கார ஒரு முக்காலியாவது இருக்கிறதா என்று நாம் எப்போதாவது பார்த்ததுண்டா?

கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி விஜி முதலிய பெண்கள் நெடுநாள் குரல் கொடுத்தனர். அதன் பயனாக 2018-இல் அம்மாநிலம் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் நம் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அது கடைக்குள்ளும் வர வேண்டும். அண்மையில் நாங்கள் சென்ற ஒரு கடையில் ஒரு மாடி முழுவதும் தேடியும் ஊழியருக்கென்று ஓர் இருக்கையைக் காணவில்லை. வாங்க வருகிறவர்களே "இவர்களுக்கு உட்கார இடம் எங்கே?" என்று பணிவுடன் கேட்டால், முதலாளி காதில் விழாமலா போகும்? நம் காசுக்குக் குரல் உண்டு, தோழியரே!

"மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தானே வாங்க முடியும்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மதுரையிலேயே நல்ல விடை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் உழவரே விற்கிறார். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். வாங்குபவருக்கும் லாபம், விளைவித்தவருக்கும் லாபம். அவ்வாறே, 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி விலையில் கைத்தறித் துணிகளைத் தருகிறது. மலிவும் நியாயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இன்னொன்று, இப்போது கைப்பேசியில் விரலால் தொட்டாலே பொருள் வீடு தேடி வருகிறது. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் துணியைத் தொட்டுப் பார்க்காமல், விற்பவர் முகம் பாராமல் வாங்கி வாங்கி, தேவை எது, ஆசை எது என்பதே மறந்து போகிறது. கடைவீதிக்கு நடந்து போனால் கால் வலிக்கும்போதாவது பை நிறைந்துவிட்டது தெரியும்!

எங்கள் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். செய்பவரிடமே வாங்க முடிந்தால் அவரிடம் வாங்குவோம். அடுத்து, பக்கத்திலுள்ள சிறு வியாபாரியிடம் வாங்குவோம். பெரிய கடைக்குப் போனால் பில்லைக் கேட்டு வாங்குவோம். ஊழியரின் இருக்கையையும் விசாரிப்போம். எங்கே போனாலும் மஞ்சப்பை ஒன்றை எடுத்துச் செல்வோம்.

இறுதியாக, எங்கள் அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த கிறிஸ்துமஸ் குடிலுக்கான உருவங்களை விளாச்சேரியில் வாங்குவோம். ஆண்டு விழா நாடக உடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துத் தையற்காரர்களிடம் தைக்கக் கொடுப்போம். பணம் பள்ளியுடையது, தீர்மானம் பெரியோர்களுடையது. பொருள்களைச் சுமந்து வரும் வேலை மட்டும் எங்களுடையதாக இருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவியர்