பிள்ளைகளின் உடல் கவலை: கார்ட்டூன் பேசுகிறது, நாம் பேசுகிறோமா?

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகின்றன. வேலைக்குப் போன தாய் வீடு திரும்ப மாலையாகிவிடும். பள்ளிவிட்டு வந்த பிள்ளையின் கையில் செல்போன். அதில் நிறத்தை வெளுப்பாக்கி, முகத்தை ஒடுக்கிக் காட்டும் ஃபில்டர். அதைப் பார்த்த கண்ணுக்குக் கண்ணாடியில் தெரியும் சொந்த முகம் பிடிக்காமல் போகிறது.

இது வெறும் ஊகமல்ல. தங்கள் உடலைப் பற்றி வருந்தும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னது அந்நிறுவனத்தின் உள் ஆய்விலேயே பதிவாகியிருந்தது. 2021-இல் அது அம்பலமானது. ஒல்லியாக வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைப்பது நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது.

காயப்படுத்தும் அதே திரை ஆறுதலும் தர முடியும். யுனிசெஃப் 1990-களில் தெற்காசியாவுக்காக உருவாக்கிய 'மீனா' கார்ட்டூனில், அண்ணன் தம்பிக்குப் பெரிய பங்கு, பெண்பிள்ளைக்குச் சிறிய பங்கு என்ற வழக்கத்தை ஒரு மாம்பழத்தை வைத்தே கேள்வி கேட்டார்கள். 2024-இல் வந்த 'இன்சைட் அவுட் 2' படத்தில் பருவமடையும் 13 வயது ரைலியின் மனதுக்குள் பதற்றமும் பொறாமையும் கூச்சமும் புதிதாகக் குடியேறுகின்றன.

அனிமேஷனுக்கு ஒரு வசதி உண்டு. யாருடைய உடலையும் காட்சிப்பொருளாக்காமல், ஹயாவுக்குப் பங்கம் வராமல் உடலைப் பற்றிப் பேசலாம். "எனக்கு இப்படி இருக்கிறது" என்று சொல்லத் தயங்கும் பிள்ளை, "ரைலிக்கு ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்டுவிடும். உயரம், மீசை, உடையும் குரல் என்று மறுகும் ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மலைக்கு அந்தப்பக்கம், கேரள அரசுப் பள்ளிகளில் 2018 முதல் நடக்கும் 'லிட்டில் கைட்ஸ்' திட்டத்தில் மாணவர்களே அனிமேஷன் செய்யக் கற்கிறார்கள். நம் பள்ளிகளிலும் இப்படி வாய்ப்பு இருந்தால், பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே வரைந்து சொல்வார்கள்.

ஆனால் எந்தப் படமும் வீட்டுக்கு மாற்றாகாது. செல்லமாக என்றாலும் "கருப்பி", "குண்டு" என்று முதலில் அழைப்பது பெரும்பாலும் நாம்தான். பட்டப்பெயர் சூட்டுவதைத் திருக்குர்ஆன் (49:11) தடுத்திருக்கிறது. இன்றிரவு ஒரு படத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அறிவுரை சொல்லாமல், பிள்ளை பேசுவதைக் கேளுங்கள்.